கிடை நாய்க்கும் ஒரு தலைக்கட்டு வரி

சித்திரை மாதம். திருச்சுழிப் பக்கம் பருத்திமார் பிடுங்கிய புஞ்சையில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். கிடைக்காரப் பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். வேப்பமர நிழலில் கறுப்பும் செவலையுமாக ஒரு பொட்டை நாய் படுத்திருந்தது. ஒட்டிய வயிறு, நீண்ட முகம், மெலிந்த கால்கள். கன்னி நாயின் சாயல். பைக்கில் வந்த இளைஞர் ஒருவர் வண்டியை விட்டு இறங்காமலேயே கேட்டார்: “அண்ணாச்சி, இது கடிக்குமா? இந்த மாதிரி நாயெல்லாம் வளர்க்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்களாமே?”

பெரியவர் சிரித்தார். “தடை போட்டவுகள ஒரு ராத்திரி எங் கிடையில வந்து படுத்துப் பாக்கச் சொல்லு தம்பி” என்றார்.

இளைஞர் போன பிறகு பெரியவர் சொன்ன செய்தியில் சிரிப்பு இல்லை. மாசி மாதம் இந்த நாய் குட்டி போட்டு வீட்டோடு கிடந்த நாட்களில், ஐந்தாறு நாய்கள் கூட்டமாக வந்து கூடாப்பைக் கவிழ்த்துப் பதினொரு குட்டிகளைக் கடித்துக் கொன்றுவிட்டன. “எல்லாம் ஊர் நாய்தான். முன்னால வந்த நாய் கழுத்துல அறுந்த வார் கெடந்துச்சு” என்றார்.

அந்த அறுந்த வார்தான் என்னை இதை எழுத வைத்தது. வார் இருந்தது என்றால் அது ஒரு காலத்தில் யாரோ வளர்த்த நாய். ஒரு வீட்டில் பேர் வைத்துச் சோறு போட்டு, பிறகு வேண்டாம் என்று விட்ட நாய். குட்டிகளைக் காத்ததும் நாய்தான், கொன்றதும் நாய்தான். இரண்டுக்கும் நடுவில் இருப்பது இன வேறுபாடு அல்ல, வளர்த்தவரின் பொறுப்பு. இதைத்தான் நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார ஆடு வளர்ப்போர் முன்னால் வைக்க விரும்புகிறேன்.

தடைப் பட்டியலில் இருந்தது யார்?

அந்த இளைஞர் கேட்டதில் பாதி உண்மை இருக்கிறது. 2024 மார்ச் மாதம் மத்திய கால்நடைப் பராமரிப்புத் துறை, 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடுக்கும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல், ராட்வைலர் போன்றவை அந்தப் பட்டியலில் இருந்தன. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம், சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் எடுத்த முடிவு என்று சொல்லி அதை ரத்து செய்தது. டெல்லி உயர் நீதிமன்றத்திலும் அது நிற்கவில்லை. மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. நாடே பதறியது. தமிழக அரசும் தடை அறிவித்து, அறிவித்த வேகத்திலேயே திரும்பப் பெற்றது.

அந்தப் பட்டியலில் நம் நாட்டு நாய் ஒன்றுகூட இல்லை. ஆனால், கிராமத்தில் யார் பட்டியலை எழுத்துக்கூட்டிப் பார்க்கிறார்கள்? “ஆபத்தான நாய்களுக்குத் தடை” என்ற தலைப்பு மட்டும் கைப்பேசியில் வந்து சேர்ந்தது. உயரமாக, வேகமாக இருக்கும் நாய் எல்லாமே தடை செய்யப்பட்ட நாய் ஆகிவிட்டது.

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். அந்த 23-ல் ‘கங்கால்’ என்ற துருக்கி நாட்டு நாயும் இருந்தது. துருக்கியில் அது ஆட்டுமந்தைக் காவல் நாய். ஆப்பிரிக்காவின் நமீபியாவில், நம் ஊரைவிடக் காய்ந்த நிலத்தில், ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒரு சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு அமைப்பு 1994 முதல் இந்த வகைக் காவல் நாய்களைக் கொடுத்து வருகிறது. நாய் காவல் இருந்தால் சிவிங்கிப்புலி ஆட்டை நெருங்காது. ஆடு போகாவிட்டால் விவசாயி சிவிங்கிப்புலியைச் சுட மாட்டார். 2022-ல் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு நாம் விமானத்தில் கொண்டுவந்தோமே, அதே நமீபியச் சிவிங்கிப்புலிகள்தான். ஓரிடத்தில் ஆட்டையும் காட்டு விலங்கையும் சேர்த்துக் காக்கும் நாய், இன்னோரிடத்தில் ஆபத்தான இனம். பெயரைப் பார்த்து நாயை எடை போட்டால் இப்படித்தான் ஆகும்.

நம் கையில் இருப்பது என்ன?

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. நான்கும் தென் தமிழ்நாட்டு நாய்கள். 2005-ல் அஞ்சல் துறை நாய்களுக்காக வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் முதன்முதலாகப் பதிவு செய்த மூன்று நாய் இனங்களில் இரண்டு, ராஜபாளையமும் சிப்பிப்பாறையும். மூன்றாவது கர்நாடகத்தின் முதோல். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோதும் நம் நாய்களின் பெயர்களைச் சொன்னார்.

பெருமைக்குக் குறைவில்லை. புரிதலில்தான் குறை. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் நாய்கள். விலா எலும்பு லேசாகத் தெரிவது அவற்றின் உடல்வாகு. அதைப் பட்டினி என்று நினைத்து ஊட்டிப் பெருக்க வைப்பவர்களும் உண்டு. ‘வேட்டை நாய் அப்படித்தான் இருக்கும்’ என்று உண்மையிலேயே பட்டினி போடுபவர்களும் உண்டு. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு, மயிர் பொலிவிழந்து இருந்தால் அது பட்டினி. அதற்குச் சாக்குச் சொல்ல வேண்டாம்.

இவற்றை முயல் நாய் என்றே பெயர் வைத்து வளர்த்தோம். இன்று முயல் வேட்டை வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் வழக்கு, அபராதம், சிறை வரை போகும். வேட்டை போக வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், வேட்டை போன பிறகு அந்த நாய்க்கு என்ன வேலை என்று நாம் யோசிக்கவில்லை. ஓடுவதற்கென்றே பிறந்த நாயை ஒன்றரை முழக் கயிற்றில் நாள் முழுக்கக் கட்டிப் போட்டோம். இப்படிக் கட்டிய நாய் யாரைக் கண்டாலும் பாயும். பிறகு ‘சிப்பிப்பாறை கடிக்கும்’ என்று பேர் கட்டினோம்.

கேளாத நாயும் கடிக்கிற நாயும்

ராஜபாளையத்தின் கதை இன்னும் வருத்தமானது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு இருந்தால்தான் விலை என்று சந்தை சொன்னது. வெள்ளைக்கும் வெள்ளைக்குமே, சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்த்தார்கள். இப்படி வெள்ளை நிறத்துக்காகவே பெருக்கும் நாய்களில் பிறவிச் செவிடு கூடுதலாக வரும். உள்காதில் இருக்க வேண்டிய நிற அணுக்கள் இல்லாமல் போவது இதற்குக் காரணம்.

காது கேளாத நாய் தூங்கும்போது பின்னாலிருந்து பிள்ளைகள் தொட்டால் திடுக்கிட்டு எழும். எழுந்த வேகத்தில் வாய் வைக்கும். வீட்டார் அதை வெறிபிடித்த குணம் என்கிறார்கள். நாய் தெருவுக்குப் போகிறது, அல்லது நகரத்து விலங்குக் காப்பகத்தின் வாசலில் கட்டப்படுகிறது.

நீங்கள் குட்டி வாங்குவதாக இருந்தால், அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னாலிருந்து ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள். தரையில் அதிர்வு போகக் கூடாது, காற்றும் மேலே படக் கூடாது. காது அசையவில்லை, தலை திரும்பவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே வீட்டில் கேளாத நாய் இருந்தால் கைவிட வேண்டாம். தரையில் காலைத் தட்டி, அதிர்வால் எழுப்பிப் பழக்குங்கள். கைச்சாடையில் கூப்பிடுங்கள். அதை மட்டும் இணை சேர்க்காதீர்கள். நிறத்துக்காக நாயைச் செவிடாக்கியது நாம். அதற்கான தண்டனையை நாய்க்குக் கொடுப்பது நியாயம் இல்லை.

கண்மாய்க் கரையில் விட்ட குட்டி

இனி நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. ஒரு ஈற்றில் ஆறு குட்டி விழுந்தால் கடுவன் குட்டிகளைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். பொட்டைக் குட்டிகளை என்ன செய்கிறோம்? சாக்கில் போட்டு அடுத்த ஊர்க் கண்மாய்க் கரையிலோ, கறிக்கடை இருக்கும் சாலை ஓரத்திலோ விட்டுவிட்டு வருகிறோம். ‘எப்படியாவது பிழைச்சுக்கும்’ என்று நம்மையே தேற்றிக்கொள்கிறோம்.

பிழைத்துக்கொள்கிறது. கறிக்கடைக் கழிவிலும், செத்து வீசிய கோழியிலும் ருசி பழகுகிறது. அடுத்த ஆண்டே அதுவும் குட்டி போடுகிறது. குட்டிகள் கூட்டமாகின்றன. கூட்டத்துக்குச் சீமைக்கருவேலங் காடு மறைவிடம். ஒரு நாள் அந்தக் கூட்டம் கூடாப்பைத் தேடி வருகிறது. அது நமக்கு வெளியிலிருந்து வந்த பகை அல்ல. நாம் விட்டுவிட்டு வந்த குட்டிகளின் வாரிசு.

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கொன்றதும், செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் போராடியதும் உங்களுக்குத் தெரியும். அந்த நிலை நம் கரிசல் காட்டுக்கு முழுசாக வரும்வரை காத்திருக்க வேண்டாம். இழப்பீடு என்பது ஆடு செத்த பிறகு வருவது.

நாயைப் பார்த்தால் ஆடு பிழைக்கும்

‘பிள்ளைகளைக் கடிக்கிற நாய்க்குப் போய்ப் பணம் செலவழிப்பதா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாய்ப்பாசத்துக்காக நான் இதைச் சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள்.

முதலாவது, வெறிநோய். உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நோய் கண்டுவிட்டால் மீள்வது ஏறக்குறைய இல்லை. ஆனால், ஓர் இடத்தில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். ஊரில் 60 நாய் இருந்தால் 42 நாய்க்கு ஊசி போட வேண்டும். அவ்வளவுதான். வெறிநாய் மாட்டையும் ஆட்டையும் கடிக்கும். மாடு எச்சில் ஒழுக, தொண்டை கட்டிக் கத்தினால் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கைவிடாதீர்கள். மருத்துவரைக் கூப்பிடுங்கள். மனிதரை நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் வைத்துப் பொழுதைக் கழிக்கக் கூடாது.

இரண்டாவது, ஆட்டுக்கு வரும் தலைச்சுற்று நோய். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து, மேயாமல் இளைத்துச் சாகிறதே, அதற்கு ஒரு காரணம் நாயின் குடலில் வாழும் நாடாப்புழு. நாயின் கழிவோடு முட்டை மேய்ச்சல் நிலத்தில் விழுகிறது. ஆடு புல்லோடு தின்கிறது. ஆட்டின் மூளையில் அது நீர்க்கட்டியாக வளர்கிறது. அந்த ஆட்டின் தலையை வெட்டிப் பச்சையாக நாய்க்குப் போட்டால் மறுபடியும் நாய்க்குள் போய்விடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுப்பதும், செத்த ஆட்டின் தலையைப் புதைப்பதும் ஆட்டைக் காக்கும் வேலைதான்.

மூன்றாவது, காவல். ஆட்டோடு வளர்ந்த நாய் ஆட்டைத் தன் கூட்டமாக நினைக்கும். பால்குடி மறந்த ஏழு, எட்டு வாரக் குட்டியைக் கிடையிலேயே விட்டு, சாதுவான தாய் ஆடுகளோடு பழக்க வேண்டும். குட்டிகளைத் துரத்தி விளையாடும் முதல் நாளே அதட்டி நிறுத்த வேண்டும். வளர்ந்த பிறகு பழக்குவது கடினம்.

பொங்கல் வரியோடு ஒரு வரி

சென்னையில் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, தெருநாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்ற வழியை 1964-லேயே கையில் எடுத்தது. அதுபோன்ற காப்பகங்கள் நகரத்தார் தரும் நன்கொடையில் நடக்கின்றன. யாரும் வேண்டாம் என்று விட்ட நாய்களுக்காக அங்கே நிதி திரட்டுகிறார்கள். அந்த நிதி நம் கிடை வரை வந்து சேராது. நம் நாய்க்கு நாம்தான் திரட்ட வேண்டும்.

வசூல் நமக்குப் புதிதா? பொங்கல் சாட்டினால் தலைக்கட்டு வரி போடுகிறோம். கண்மாய் மடை பழுது என்றால் ஏக்கருக்கு இவ்வளவு என்று போடுகிறோம். அதோடு இன்னொன்று. தலைக்கட்டுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய். 150 தலைக்கட்டு ஊரில் 15,000 ரூபாய் சேரும். ஆடு விற்கும்போது உருப்படிக்குப் பத்து ரூபாய் கூடப் போட்டால் இன்னும் சேரும். கணக்கு நோட்டு ஒன்று போட்டு, ஊர்க்கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.

இந்தப் பணத்தில் கட்டடம் மட்டும் கட்டாதீர்கள். மாத வருமானம் இல்லாத காப்பகம் சில மாதங்களில் நாய்ச் சிறையாகிவிடும். செய்ய வேண்டியவை வேறு.

ஆண்டுக்கு ஒரு நாள் எல்லா வளர்ப்பு நாய்களுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி. பத்து நாய்க்குப் போடும் குப்பியும் கிடைக்கிறது. திறந்த குப்பியை வைத்திருக்க முடியாது என்பதால், எல்லோரும் ஒரே நாளில் வந்தால்தான் மருந்து வீணாகாது. இதற்காகவே இது தனி ஆள் வேலை அல்ல, ஊர் வேலை.

குட்டி வேண்டாதவர்களின் பொட்டை நாய்க்குக் கருத்தடை. எந்தக் கால்நடை மருத்துவமனையில், எந்த நாளில் செய்வார்கள் என்று முன்பே கேட்டு, நிதியிலிருந்து வண்டி பிடித்துக் கூட்டிப் போகலாம். வளர்ப்பு நாய்க்கு இது நம் பொறுப்பு. தெருநாய்க் கருத்தடை உள்ளாட்சியின் கடமை என்று 2023-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதற்குக் கிராம சபையில் மனுக் கொடுங்கள்.

ஈற்றுக் கணக்கு. எந்த வீட்டு நாய் எத்தனை குட்டி போட்டது, எங்கே போனது என்று அதே நோட்டில் எழுதுங்கள். எழுதி வைத்தால் சாக்கில் போட்டுக் கொண்டுபோகக் கை கூசும்.

கைவிடப்பட்ட நாய் ஒன்று ஊருக்குள் வந்தால், இரண்டு மூன்று வீடுகள் முறை வைத்துத் திண்ணையில் வைத்துப் பார்க்கட்டும். தீனியும் மருந்தும் நிதியிலிருந்து. பிறகு நாய் தேவைப்படும் தோட்டக்காரருக்குக் கொடுக்கலாம். கடிக்கும் நாய் என்று பேர் எடுத்தது ஒன்றாவது இப்படி ஒரு கிணற்றடியில் காவல் நிற்பதைப் பார்த்தால், ஊரின் எண்ணம் தானாக மாறும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு சொல்

கோமாரி ஊசிக்கும், ஆட்டுக்கொல்லி ஊசிக்கும் நீங்கள் ஊருக்குள் வருகிறீர்கள். மக்கள் கூடியிருக்கும் அதே நாளில் நாய்க்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று கால்நடை மருத்துவரோடு பேசுங்கள். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அன்று நகரத்தில் நடக்கும் முகாம் ஒரு ஆட்டுக்கிடை ஊரிலும் நடக்கட்டும். ஆடு வளர்ப்புப் பயிற்சியில் தீவனம், கொட்டகை, குடற்புழு என்று சொல்லித் தருகிறீர்கள். கிடை நாயைப் பற்றியும் அரை மணி நேரம் சொல்லுங்கள். ஆட்டுக்கு மருந்து கொடுத்துவிட்டு நாயை விட்டுவிட்டால், தலைச்சுற்று நோயின் புழுமுட்டை மேய்ச்சல் நிலத்தில் விழுந்துகொண்டே இருக்கும்.

அந்தப் பெரியவரின் நாய் போட்ட குட்டிகளில் இரண்டு பொட்டை. எங்கே என்று கேட்டேன். ஒன்றைப் பக்கத்துக் கிடைக்காரருக்குக் கொடுத்துவிட்டாராம். இன்னொன்று கூடாப்புக்குப் பக்கத்தில் ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தது. “ஊசி போட்டாச்சா?” என்றேன். “அதுக்குன்னு அருப்புக்கோட்டை போணும்ல, கெடைய யாரு பாப்பா?” என்றார்.

அவர் கேட்டது சரிதான். கிடையை விட்டு அவரால் போக முடியாது. ஊசி அவரிடம் வர வேண்டும். அதைக் கொண்டுவர ஒரு ஊர் சேர்ந்தால் போதும். வரும் பொங்கலுக்கு வரி எழுத உட்காரும்போது, உங்கள் ஊர் நோட்டில் அந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள்.